ஹமொக்கில் குளிர் கீழிருந்துதான் வரும்: திருகோணமலையிலிருந்து மலைநாட்டுக்குப் போவோருக்கான முழு வழிகாட்டி

திருகோணமலையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இருந்தும் வாடைக்காற்று அடிக்கும் ஓர் இரவில் உப்புவெளிப் பக்கம் ஹமொக், அதாவது இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை, கட்டிப் படுத்துப் பாருங்கள். விடியப்புறம் முதுகு சில்லிட்டு முழிப்பு வரும். மேலே போர்த்திருப்பதால் நெஞ்சு சூடாகவே இருக்கும். முதுகும் இடுப்பும் மட்டும் ஈரச்சாக்கில் கிடந்ததுபோல விறைத்திருக்கும். இன்னொரு போர்வையை இழுத்து மூடினாலும் ஒன்றும் மாறாது. குளிர் மேலிருந்து வரவில்லை.

காரணம் எளியது. போர்வையோ தூக்கப்பையோ (ஸ்லீப்பிங் பேக்) தானாகச் சூடு தருவதில்லை. அதன் பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுத்தான் உடல் சூட்டை வெளியே விடாமல் பிடிக்கிறது. ஹமொக்கில் படுத்ததும் உடலின் பாரம் முதுகுக்குக் கீழுள்ள பஞ்சை அப்பளமாக நசுக்கிவிடும். காற்று நிற்க இடமில்லை, ஆகவே காப்பும் இல்லை. தரையில் படுத்தால் மண் கொஞ்ச நேரத்தில் சூடாகி ஈடுகொடுக்கும். ஹமொக்கின் கீழே ஓடுவதோ காற்று. சூடான காற்றை அள்ளிக்கொண்டு போய்ப் புதுக் குளிரை வைத்துவிட்டுப் போகும். ஏணையில் கிடக்கும் குழந்தைக்கு அடியில் சேலையை இரண்டு, மூன்று மடிப்பாகப் போடும் பாட்டிமாருக்கு இந்தக் கணக்குத் தெரியும்.

ஆகவே காசும் கவனமும் முதலில் அடிப்பக்கத்துக்கு. மேலே எதைப் போர்ப்பது என்பது இரண்டாவது கேள்வி.

எவ்வளவு குளிருக்குத் தயாராக வேண்டும்?

உயரம் 1000 மீற்றர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1868 மீற்றர். திருகோணமலையில் இரவு 24 பாகை என்றால் அங்கே 12 என்று கணக்கு வரும். ஆனால் தை, மாசியில் முகில் இல்லாத இரவுகளில் நிலம் தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடும். அப்போது 5 பாகையளவுக்கும் இறங்கும், பள்ளத்துத் தேயிலையில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. 2100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளி இன்னும் கடுமை. நக்கிள்ஸ் பக்கம், ரிவஸ்டன் போன்ற இடங்களில் வெப்பமானி அவ்வளவு இறங்காது. ஆனால் காற்றும் மூடுபனியும் சேர்ந்து அதே வேலையைச் செய்யும்.

காப்பைத் தீர்மானிக்க ஊரின் சராசரியைப் பார்க்காதீர்கள். அந்த வாரம் எதிர்பார்க்கப்படும் ஆகக் குறைந்த இரவு வெப்பத்திலிருந்து இன்னும் 5 பாகையைக் கழித்துவிட்டுத் தயாராகுங்கள். தூக்கப்பையின் பையில் அச்சிட்ட பாகையை அப்படியே நம்பவும் கூடாது. மலிவான பைகளில் அது பெரும்பாலும் ஆள் உயிரோடு கிடக்கும் அளவுதான், நிம்மதியாக நித்திரை கொள்ளும் அளவு அல்ல. அதோடு நாங்கள் கடலோரத்து ஆட்கள். குளிர் என்றால் குளிரூட்டிய பஸ்தான் தெரியும்.

கட்டும் விதம்

ஹமொக்கின் நீளம் குறைந்தது 3.3 மீற்றர் இருக்கட்டும். கடைகளில் கிடைக்கும் 2.6, 2.7 மீற்றர்க் குட்டை ஹமொக்கில் உடல் வாழைப்பழமாக வளையும். கீழே கட்டும் காப்பும் சரியாக ஒட்டாது. இரண்டு மரங்களுக்கு இடையில் 4 முதல் 4.5 மீற்றர் நல்ல இடைவெளி. மரம் உயிருள்ளதாக, 15 செ.மீ. விட்டத்துக்குக் குறையாததாக இருக்க வேண்டும். மரத்தைச் சுற்றுவது 2.5 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள பொலியெஸ்ரர்ப் பட்டி, 5 செ.மீ. என்றால் பட்டைக்கு இன்னும் நல்லது. வள்ளத்து நைலோன் கயிற்றை நேரே மரத்தில் கட்டினால் அது பட்டையை அறுக்கும், இரவில் இழுபட்டும் போகும். நைலோன் ஈரத்தில் இன்னும் இளகும்.

பட்டி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்வில் இறங்கட்டும். 70 கிலோ ஆள் படுத்தால், இந்தச் சாய்வில் ஒவ்வொரு பக்கத்திலும் 70 கிலோ இழுவைதான் வரும். "தொய்வில்லாமல் கட்டுவோம்" என்று இழுத்து 15 பாகையாக்கினால் அது 135 கிலோவாகும். பட்டி, வளையம், மரம் மூன்றுக்கும் பாரம். உங்களுக்கும் நேரான படுக்கை கிடைக்காது. ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டிருக்காமல், ஹமொக்கின் இரண்டு முனைகளுக்கும் இடையே நீளாத மெல்லிய கயிறு ஒன்றை நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். அதன் நீளம் ஹமொக்கின் நீளத்தில் 83 வீதம், 3.3 மீற்றருக்கு ஏறத்தாழ 2.75 மீற்றர். எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு ஒன்றாகவே இருக்கும். உட்கார்ந்தால் தரையிலிருந்து 45 செ.மீ., அதாவது கதிரை உயரம். அதற்கு மேல் ஏறினால் காற்றும் கூடும், விழுந்தால் அடியும் கூடும்.

படுப்பது நேராக அல்ல, குறுக்குச் சாய்வாக. தலை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம், கால் மறு பக்கம். உடல் ஏறக்குறையத் தட்டையாகும். எந்தப் பக்கம் சாய்வது என்பதை முதல் நாளே பழகி அதையே கைக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஹமொக்கின் கீழே தொங்கவிடும் கீழ்ப்போர்வை அந்தப் பக்கத்துக்கே சரிசெய்யப்படும்.

கீழ்ப்போர்வை: நசுங்காத காப்பு

ஹமொக்கர்கள் அண்டர்குயில்ட் என்று சொல்வது இதைத்தான். ஹமொக்குக்கு வெளியே, அதன் வயிற்றை ஒட்டித் தொங்கும் போர்வை. உங்கள் பாரம் ஹமொக் துணியில் நிற்பதால் கீழே தொங்கும் பஞ்சு நசுங்குவதில்லை. வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் விலை கடிக்கும். தையல் மெசின் உள்ள வீட்டில் ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம்.

தேவையானவை: மெல்லிய குடைத்துணி அல்லது காற்றுப்புகா நைலோன், 1.5 மீற்றர் அகலத்தில் 4 மீற்றர். மெத்தைக் கடைகளில் விற்கும் பொலியெஸ்ரர்த் தாள்பஞ்சு, சதுர மீற்றருக்கு 200 கிராம் எடையுள்ளது. 3 அல்லது 4 மி.மீ. இலாஸ்டிக் கயிறு 6 மீற்றர், மெல்லிய நாடாக் கயிறு 3 மீற்றர், கொளுக்கி இரண்டு. பஞ்சு ஒரு படை போட்டால் 15 பாகை வரை பெரும்பாலானோருக்குப் போதும். நுவரெலியாவுக்கு இரண்டு படை. இவை மதிப்பீடுகளே, மெலிந்தவர்களுக்கும் எளிதில் குளிர்பவர்களுக்கும் ஒரு படி கூட்டுங்கள். வெளித்துணிக்கு றெக்சீன், பொலித்தீன் வேண்டாம். உடலிலிருந்து போகும் ஈரம் அதில் பட்டு நீராகி, விடியுமுன் பஞ்சை நனைத்துவிடும்.

1. உள்துணியை 196 × 122 செ.மீ. அளவில் வெட்டுங்கள். வெளித்துணி 196 × 130. அந்த 8 செ.மீ. வித்தியாசம் பிழை அல்ல. போர்வை வளைந்து தொங்கும்போது வெளிப்பக்கத்துக்குக் கூடுதல் துணி வேண்டும். இரண்டும் ஒரே அளவென்றால் வெளித்துணி இறுகிப் பஞ்சை நசுக்கும்.

2. பஞ்சை 190 × 115 அளவில் வெட்டி, உள்துணியில் 30 செ.மீ.க்கு ஒரு இடத்தில் தளர்வாகத் தொட்டுத் தையுங்கள். குறுக்காகக் கோடுகோடாக மெசினில் ஓட்டினால் தையல் விழுந்த இடமெல்லாம் பஞ்சு தட்டையாகும். அந்தக் கோடு ஒவ்வொன்றும் முதுகில் தெரியும்.

3. வெளித்துணியின் இரண்டு குறுகிய ஓரங்களிலும் 2 செ.மீ. அளவில் நான்கு கொசுவம் வைத்து உள்துணியின் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டையும் சேர்த்து மூட்டி, ஒரு பக்கம் வாய் விட்டுப் புரட்டி, வாயையும் மூடுங்கள்.

4. நான்கு பக்கமும் விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே ஒரு தையல் ஓட்டினால் கயிறு போகும் குழாய் கிடைக்கும். நீளப்பக்கம் ஒவ்வொன்றுக்குள்ளும் 3 மீற்றர் இலாஸ்டிக். இரு முனையிலும் அரை மீற்றருக்குச் சற்றுக் கூடவே வெளியே நீட்டட்டும். மூலைகளில் இலாஸ்டிக்கைத் துணியோடு சேர்த்துத் தைத்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் போர்வை இரவில் கயிற்றில் வழுக்கி ஒரு பக்கம் குவியும்.

5. குறுகிய ஓரங்களுக்குள் நாடாக் கயிறு. இழுத்தால் பையின் வாய்போலச் சுருங்க வேண்டும்.

தலைப்பக்கம் வெளியே வரும் இரண்டு இலாஸ்டிக் முனைகளையும் சேர்த்து முடிந்து, கொளுக்கியில் மாட்டி, ஹமொக்கின் தலை முனையில் கொளுவுங்கள். கால்பக்கமும் அப்படியே.

இனித்தான் முக்கியமான வேலை. நீங்கள் உங்கள் சாய்வில் படுத்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர் பக்கவாட்டிலிருந்து ஹமொக்குக்கும் கீழ்ப்போர்வைக்கும் நடுவே கையை விட்டு, முதுகின் நடுப்பள்ளம் வரை தடவிப் பார்க்கட்டும். உள்ளங்கையின் முன்புறமும் பின்புறமும் ஒரே நேரத்தில் துணியைத் தொட வேண்டும். கை வெறுமையாக ஆடினால் இடைவெளி. அங்கே குளிர்காற்று குடியிருக்கும், இலாஸ்டிக்கைச் சுருக்குங்கள். கையை உள்ளே விடவே சிரமம் என்றால் இறுக்கம் கூடிவிட்டது. பஞ்சு நசுங்கி, போர்வை வெறும் துணியாகிறது, சற்றுத் தளர்த்துங்கள். பிறகு தலைப்பக்க நாடாவை, கழுத்துக்குப் பின்னால் காற்று நுழையாத அளவுக்கு இழுங்கள். இந்த மூன்று நிமிடத்தைச் சோம்பலில் விட்டவர்கள்தான் "அண்டர்குயில்ட் வேலைசெய்யாது" என்று சொல்வார்கள்.

தைக்க வசதியில்லையா? கால் நுனியிலும் சிப் திறக்கக்கூடிய சதுரத் தூக்கப்பை இருந்தால், கட்டுவதற்கு முன்பே ஹமொக்கை அந்தப் பைக்குள்ளால் நுழைத்துவிடுங்கள். பை ஹமொக்கைச் சுற்றித் தொங்கும். அழகாக இராது, ஆனால் வேலைசெய்யும்.

போம் பாய்

யோகா செய்யும் போம் பாய் ஆகச் சிக்கனமான வழி. நசுங்காது, நனைந்தாலும் காப்பு போகாது. 8 முதல் 10 மி.மீ. தடிப்பு வேண்டும். ஆனால் இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது அகலம்: 60 செ.மீ. பாய் தரையில் போதும். ஹமொக்கின் துணியோ இரு பக்கமும் ஏறித் தோளை அணைக்கும், தோள் வெறுந்துணியில் படும். இன்னொரு பாயிலிருந்து 90 × 40 செ.மீ. துண்டுகள் இரண்டு வெட்டி, தோளுக்கும் இடுப்புக்கும் குறுக்காகப் போடுங்கள். இரண்டாவது, நைலோனில் போம் வழுக்கும். இரட்டைத் துணி ஹமொக் என்றால் இரண்டு துணிக்கும் இடையில் செருகுங்கள். ஒற்றைத் துணி என்றால் பாயைத் தூக்கப்பைக்குள்ளேயே போட்டு அதன்மேல் படுங்கள். போம் ஈரத்தை விடாது, முதுகு வேர்க்கும். நடுவில் மெல்லிய கம்பளி ஒன்று விரித்தால் சமாளிக்கலாம்.

10 பாகைக்குக் கீழே போகும் இரவென்றால் எங்கள் தெரிவு இரண்டும் சேர்த்து: கீழ்ப்போர்வை வெளியே, போம் பாய் உள்ளே.

தறப்பாள்

10 × 12 அடித் தறப்பாள் எந்த ஹாட்வெயார்க் கடையிலும் கிடைக்கும். பாரமும் காற்றில் படபடப்பும் கூட, ஆனாலும் காப்பாற்றும். கண்ணிகளை மட்டும் நம்பித் தொங்கவிடாமல், மரத்துக்கு மரம் ஒரு கயிறு இழுத்து அதன்மேல் தறப்பாளைப் போடுங்கள். மழைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். குளிர் இரவில் இது காற்றுத்தடுப்புச் சுவர். மார்கழி முதல் மாசி வரை காற்று பெரும்பாலும் வடகிழக்கு. முகட்டுக்கயிறு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடினால் வாடை தறப்பாளின் தட்டைப் பக்கத்தில் மோதும், திறந்த வாயால் நுழையாது. மலையிடுக்குகளில் காற்று பள்ளத்தாக்கின் போக்கில் திரும்பும். வந்திறங்கியதும் இலைகளைப் பாருங்கள்.

காற்று வரும் பக்கத்து ஓரம் தரையிலிருந்து ஒரு சாண். மறு பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தி விடுங்கள். எல்லாப் பக்கமும் இறுக மூடினால் மூச்சின் ஈரம் தறப்பாளின் உட்புறத்தில் துளித்துச் சொட்டும். மரத்திலிருந்து பட்டி வழியாக மழைநீர் ஹமொக்குக்குள் வடியாமலிருக்க, ஹமொக் முனைக்கு முன்னால் பட்டியில் ஒரு பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீர் அதில் இறங்கித் தரைக்குப் போய்விடும்.

இடம்

பள்ளத்தின் அடியில் கட்டாதீர்கள். குளிர்காற்று பாரமானது, இரவில் தண்ணீர்போல ஓடிவந்து அங்கேதான் தேங்கும். உறைபனி முதலில் விழுவதும் அங்கே. மலைமுகட்டிலும் வேண்டாம், அங்கே காற்று கூட. நடுச்சரிவில், அருவிக்கரையை விட்டு விலகி, மரங்கள் காற்றை மறைக்கும் இடமே நல்லது. யூகலிப்டஸ் மரமென்றால் அண்ணாந்து பாருங்கள், காய்ந்த கிளையை அது முன்னறிவிப்பில்லாமல் போடும். அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும் கையில் இருக்கட்டும்.

ஹோட்டன் சமவெளி வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ். குறித்த இடங்களில் மட்டும், முன்அனுமதியோடு. மரத்தில் கட்ட விடுவார்களா என்பதை அனுமதி எடுக்கும்போதே கேளுங்கள். நக்கிள்ஸ் காடு வனத் திணைக்களத்தின் பொறுப்பு. தேயிலைத் தோட்டங்களில் துரைமாரின் அனுமதி வேண்டும். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக நுவரெலியா போக ஒரு முழுப் பகல் கழியும். அதிகாலையில் புறப்படாவிட்டால் இருட்டில்தான் கட்டுவீர்கள். மேலே சொன்ன கைச்சோதனை இருட்டில் நடக்காது.

படுக்கப் போகுமுன்

பகலில் வேர்த்த உடுப்பைக் கழற்றுங்கள், உள்ளாடை உட்பட. ஈரப் பருத்திச் சாரத்தோடு படுத்தால் எந்தப் போர்வையும் உதவாது. நித்திரைக்கென்று ஒரு பொலியெஸ்ரர் அல்லது கம்பளி உடுப்பு, ஒரு சோடி சொக்ஸ், ஒரு குல்லா, இவை பையின் அடியில் பொலித்தீனுக்குள் கிடக்கட்டும், பகலில் தொடக்கூடாது. சொக்ஸ் தளர்வாக இருக்க வேண்டும். இரண்டு சோடியை இறுக்கி மாட்டினால் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்கும்.

மேலே, தூக்கப்பையின் சிப்பைத் திறந்து, கால்பக்கம் மட்டும் மூடி, போர்வைபோலப் போர்த்துங்கள். முதுகுக்குக் கீழே போகும் பாதி எப்படியும் நசுங்கி வீண். மூடுபனியும் மழையும் உள்ள எங்கள் மலைகளுக்கு இறகுப்பையை விடப் பொலியெஸ்ரர்ப் பை நம்பகமானது, இறகு நனைந்தால் கட்டிபட்டுச் சூட்டை இழக்கும்.

கொழுப்புள்ள சாப்பாடு மெதுவாக எரியும். ஒரு கைப்பிடி கச்சான், கித்துள் பனங்கட்டி ஒரு துண்டு, சூடான தேத்தண்ணி. சாராயம் வேண்டாம். அது தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவந்து சூடேறியதாகக் காட்டி, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

ஒரு லீற்றர் சுடுதண்ணீர், இறுக மூடும் தடித்த போத்தலில், ஒரு சொக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே. பெரிய இரத்தக்குழாய் ஓடும் இடம் அது, சூடு உடலெங்கும் பரவும். சோடாப் போத்தலில் கொதிநீர் ஊற்றாதீர்கள், நெளிந்து வாய் கசியும். மூடியைப் பூட்டியதும் தலைகீழாகப் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள்.

அடுப்போ கரியோ மூடிய தறப்பாளுக்குள் ஒருபோதும் இல்லை. காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூங்கியவர் எழும்புவதில்லை. ஹமொக்குக்குக் கீழே தணல் வைப்பதும் அதே மடமை. ஒரு பொறி பட்டால் நைலோன் உருகி ஓட்டை விழும்.

நடுச்சாமத்தில் குளிர்ந்தால்

எந்த இடம் குளிர்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும். இடுப்பும் முதுகுப் பள்ளமும் என்றால் கீழ்ப்போர்வையில் இடைவெளி அல்லது அது கால்பக்கம் வழுக்கிவிட்டது, எழும்பி இழுத்துவிடுங்கள். தோள் மட்டும் என்றால் பாய் ஒடுக்கம், ஜக்கெற்றை மடித்து அந்தப் பக்கம் செருகுங்கள். கழுத்தும் தலையும் என்றால் தலைப்பக்க நாடா தளர்ந்திருக்கும். கால் என்றால், குதிக்கால் பாயை விட்டுக் கீழே விழுந்திருக்கும். வெறும் முதுகுப்பையைக் கால்களுக்கு அடியில் வையுங்கள். போர்வையின் முகப்பக்கம் ஈரம் என்றால் உள்ளே மூச்சு விட்டிருக்கிறீர்கள். வாயும் மூக்கும் வெளியே, கண்வரை குல்லா. முழு உடலும் என்றால் வயிறு காலி அல்லது சிறுநீர் முட்டுகிறது. அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள், போய்விட்டு வந்து கொஞ்சம் கச்சான் சாப்பிடுங்கள்.

விடாமல் நடுங்குவது, பேச்சுக் குழறுவது, சிப்பை இழுக்கக்கூட விரல் வராதது, இவை சாதாரணக் குளிர் அல்ல. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவதன் அடையாளங்கள். நடுக்கம் திடீரென நின்று ஆள் சோர்ந்தால் இன்னும் ஆபத்து. ஹமொக்கிலிருந்து இறக்கி, ஈர உடுப்பை மாற்றி, தரையில் பாய் போட்டு எல்லாப் போர்வையாலும் சுற்றுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடு பானம். கைகாலைத் தேய்க்காதீர்கள். 1990 இலவச அம்புலன்ஸுக்கு அழையுங்கள். சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று பகலிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு

மலையில் உலர்ந்ததாகத் தெரியும் போர்வையிலும் ஈரம் இருக்கும். திருகோணமலையின் உப்புக்காற்றில் அதைச் சுருட்டிக் கட்டிவைத்தால் இரண்டு கிழமையில் பூஞ்சணம் மணக்கும். நல்ல வெயில் நாளில், ஆனால் நிழலில், கொடியில் நாள் முழுக்கப் போடுங்கள். நைலோனுக்கு நேர்வெயில் ஆகாது. உலர்ந்ததும் அமுக்கிக் கட்டாமல் பழைய தலையணை உறைக்குள் தளர்வாக இட்டு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். கொளுக்கிகளுக்கு ஒரு துளி எண்ணெய்.